போயிலை அதக்கும் இடத்தில் வெள்ளையாக இருக்கிறது, காட்டணுமா?

கடலூர் முதுநகரில் விசைப்படகுத் தொழில். வயது 41. ராத்திரிக் கடலில் பீடி பற்ற வைத்தால் காற்று விடாது, அதனால் 19 வருடமாகப் போயிலைதான். சுண்ணாம்பு சேர்த்துக் கசக்கி, இடது பக்கம் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் அதக்கிக்கொள்வேன். இப்போது தடைக்காலம், படகு கரையில் கிடக்கிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் ஒரு நாளைக்கு ஆறு பொட்டலம் தீர்ந்துவிடுகிறது.

அந்த இடத்தில் வெள்ளையாகச் சொரசொரவென்று ஒரு திட்டு. வலி கிடையாது, காரக் குழம்பு பட்டால் மட்டும் எரியும். புகையே உள்ளே போகவில்லையே, புற்றுநோய் எப்படி வரும்? எங்கள் ஆத்தா 80 வயதுவரை வெற்றிலையும் போயிலையுமாகத்தான் இருந்தது.

பதில் 1
தம்பி, நான் புதுச்சேரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வலி இல்லை என்கிறாயே, அதுதான் எனக்குப் பயம். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. புற்றுநோயை உண்டாக்கும் நைட்ரோசமைன்கள் புகையில் மட்டும் இல்லை. இலையைப் பதப்படுத்தும்போதே உருவாகிவிடும். வாய், உணவுக்குழாய், கணையம் மூன்றிலும் புற்றுநோய் வரலாம். சுண்ணாம்பு சேர்த்தால் நிகோடின் இன்னும் சுலபமாக இறங்கும், விடுவதும் அந்த அளவுக்குக் கஷ்டம்.

வெள்ளைத் திட்டு எல்லாமே புற்றுநோய் ஆகாது. ஆனால் எது ஆகும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, துணுக்குச் சதை எடுத்துப் பரிசோதிக்கணும். இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் காட்டியே ஆகணும். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. இல்லையென்றால் கோரிமேடு ஜிப்மருக்கு வா, காலையிலேயே சீட்டுப் போட்டுவிடு. ஆத்தா கதையை டாக்டரிடம் சொல்லாதே, தினமும் நாலு பேர் சொல்லிக் கேட்டிருப்பார்!

பதில் 2
அண்ணே, நான் போயிலை தொட்டதில்லை, வெறும் பாக்குப் பொட்டலம்தான். அதுவே வாயை இறுக்கிவிட்டது. மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் இரண்டுகூட நுழையாது. பரோட்டாவைக் குருமாவில் ஊறப்போட்டுத்தான் தின்கிறேன். நீங்களும் விரலை வைத்துப் பாருங்கள். விடுவதற்கு 1800-11-2356க்குப் போன் போடலாம், காசில்லை. எனக்கு முதல் வாரம் எரிச்சலில் வீட்டில் ஒரே சண்டை. பல்லிடுக்கில் கிராம்பு வைத்துச் சமாளித்தேன்.

கேட்டவர்
மூன்று விரல் நுழைகிறது. திங்கள்கிழமை போகிறேன் அக்கா. வீட்டுக்காரியும் கூட வருகிறாளாம், பொட்டலம் அவள் முந்தானையில் இருக்கிறது.