சர்வரை மாற்றும் அதே இரவில் பெயரையும் மாற்றலாமா?

ஒற்றை நிர்வாகி:

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். 46 கணினிகள், கணினிப் பிரிவு என்பது நான் ஒருவன்தான். கோப்பு சர்வர் இன்னும் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-வில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கான ஆதரவு 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. முதலாளியின் கையெழுத்து இந்த மாதம்தான் கிடைத்தது. 2022 பதிப்போடு புதுப் பெட்டி வந்து இறங்கியிருக்கிறது. மாற்ற வேண்டியது 2.8 டெராபைட்.

சிக்கல் பெயரில்தான். பழைய சர்வரின் பெயர் "மில்சர்வர்". மில்லை விற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பெயரைக் கண்டாலே முதலாளிக்கு முகம் சுருங்குகிறது. "எப்படியும் மாற்றுகிறாய், பெயரையும் சேர்த்து மாற்றிவிடு, டேட்டா1 என்று வை" என்கிறார்.

ஆனால் அந்தப் பெயர் வீட்டுச் சுவரில் ஏறிய கறையான் மாதிரி எங்கெல்லாம் போயிருக்கிறது என்று எனக்கே தெரியாது. மெர்ச்சண்டைசர்களின் காஸ்டிங் ஷீட்டுகள் வேறு ஷேரில் (பகிர்ந்த கோப்புறையில்) உள்ள நூல் விலை ஷீட்டிலிருந்து எண்களை எடுக்கின்றன. எல்லாருடைய டெஸ்க்டாப்பிலும் ஷார்ட்கட். நகல் இயந்திரம் ஸ்கேன் செய்ததை நேராக அந்த சர்வரில் கொண்டுபோய்ப் போடுகிறது.

புதுப் பெட்டிக்கு டிஎன்எஸ்ஸில் (கணினிப் பெயருக்கு முகவரி சொல்லும் சேவை) "சோதனைமில்" என்று ஒரு சிநேம், அதாவது இன்னொரு பெயரைச் சுட்டும் மாற்றுப் பெயர், போட்டுப் பார்த்தேன். பயனர்களுக்குத் திறக்கிறது, என் நிர்வாகக் கணக்கில் மட்டும் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. பழைய பெயரை இப்படி வெறும் சிநேமாக விட்டுவைத்தால் போதுமா?

ராக் அறைப் பெரியவர்:

தம்பி, ஒரே இரவில் இரண்டையும் செய்யாதே. திங்கட்கிழமை காலையில் ஒரு கோப்பு திறக்கவில்லை என்று போன் வரும். காரணம் பெயரா, அனுமதியா, நகலெடுத்ததில் விட்டுப்போனதா? மூன்று பக்கமும் ஓட வேண்டியிருக்கும். பெயர் மாறாமல் இருந்தால் ஒரு பக்கத்தை மறந்துவிடலாம்.

நான் செய்வது இதுதான். ரோபோகாப்பியை (விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளை) வார நாட்களிலேயே ஓடவிட்டு, மாற்றும் இரவில் மிச்சத்தை மட்டும் எடுப்பேன். பிறகு பழைய பெட்டிக்கு வேறு பெயர் வைத்து மறுதொடக்கம். புதுப் பெட்டிக்குப் பழைய பெயர். அவ்வளவுதான், யாருக்கும் எதுவும் தெரியாது. விண்டோஸின் ஸ்டோரேஜ் மைக்ரேஷன் சர்வீஸும் இதையே செய்யும்: பழையதன் பெயரையும் ஐபி முகவரியையும் புதியதற்குக் கொடுத்து, பழையதற்கு ஏதோ ஒரு தற்செயல் பெயரைச் சூட்டிவிடும். எனக்குக் கையால் செய்தால்தான் தூக்கம் வரும்.

ரோபோகாப்பியில் எம்ஐஆர் (மூலத்தில் இல்லாததை இலக்கிலும் அழித்து இரண்டையும் ஒன்றாக்குவது) போடுவதற்கு முன் எது மூலம், எது இலக்கு என்று விரலை வைத்துப் படி. நான் ஒருமுறை இடம் மாற்றிப் போட்டுவிட்டேன். காலியாக இருந்த புதுக் கோப்புறையைப் பார்த்து அது பழையதையும் காலியாக்கத் தொடங்கியது. பேக்அப் இருந்ததால் இன்று உனக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று: பழைய சர்வரின் உள்ளூர்க் குழுக்களுக்கு அனுமதி கொடுத்திருந்தால், புதுப் பெட்டியில் அவை வெறும் நீள எண்ணாகத்தான் தெரியும். முன்பே டொமைன் (அலுவலகக் கணினிகளுக்கும் கணக்குகளுக்கும் பொதுவான பதிவு) குழுக்களுக்கு மாற்றிவிடு.

பெயர் மாற்றியே ஆக வேண்டுமென்றால் டேட்டா1 வேண்டாம். டேட்டா2 வரும் நாளில் இதே கேள்வியோடு வருவாய். டிஎஃப்எஸ் நேம்ஸ்பேஸ் (சர்வர் பெயர் வெளியே தெரியாத பொதுப் பாதை) வைத்து, பாதையை டொமைன் பெயரில் தொடங்கு. அதன் பிறகு பின்னால் எந்தப் பெட்டி இருந்தால் என்ன?

டிக்கெட் பரிசோதகர்:

பாஸ்வேர்ட் கேட்பதற்கு என் ஊகம்: உங்கள் நிர்வாகக் கணக்கு புரொடக்டட் யூசர்ஸ் (கூடுதல் பாதுகாப்புக் கட்டுப்பாடு உள்ள கணக்குகள்) குழுவில் இருக்கிறது. சிநேம் என்பது டிஎன்எஸ்ஸுக்கு மட்டும் தெரிந்த பெயர். அந்தப் பெயருக்கு எஸ்பிஎன் (சேவையின் பெயரைக் கணினிக் கணக்கோடு இணைக்கும் பதிவு) பதிவாகாததால் டொமைனின் உள்நுழைவு முறையான கெர்பரோஸின் டிக்கெட் கிடைக்காது. விண்டோஸ் சத்தமில்லாமல் பழைய உள்நுழைவு முறையான என்டிஎல்எம்முக்கு இறங்கிவிடும். பயனர்களுக்கு அது நடக்கும். அந்தக் குழுவில் உள்ளவர்களுக்கு என்டிஎல்எம் கிடையாது, அதனால் வாசலிலேயே நிற்கிறீர்கள்.

வெறும் சிநேமுக்குப் பதில் நெட்டாம் கட்டளையின் கம்ப்யூட்டர்நேம் பிரிவில் ஆட் கொடுத்து மாற்றுப் பெயராகச் சேருங்கள். டொமைனோடு சேர்த்து முழுப் பெயராகக் கொடுக்க வேண்டும். டிஎன்எஸ், எஸ்பிஎன் இரண்டையும் அதுவே பதிந்துவிடும். ஆனால் பழைய பெட்டி தன் பெயரை விட்ட பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். ஒரே எஸ்பிஎன் இரண்டு கணினிக் கணக்குகளில் இருந்தால் கெர்பரோஸ் குழம்பிவிடும். செட்எஸ்பிஎன் கட்டளையில் எக்ஸ் கொடுத்தால் இரட்டைப் பதிவுகளைக் காட்டும்.

மார்ச் மாதக் கணக்கு:

எங்கள் அலுவலகத்தில் இதைச் செய்தபோது பழைய பெயரை இரண்டு மாதம் வைத்திருந்து எடுத்துவிட்டேன். எல்லாம் அமைதியாக இருந்தது. மார்ச் கடைசி வாரம் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் ஷீட் ஒன்று வெளியே வந்தது. அதில் இருந்த இணைப்புகள் அத்தனையும் பழைய பெயரில். தணிக்கையாளர் எதிரில் உட்கார்ந்திருந்தார். ஆகவே ஒரு முழு நிதியாண்டு கடக்கும்வரை பழைய பெயரைத் தொடாதீர்கள்.

நகல் இயந்திரத்தை இப்போதே சோதித்துப் பாருங்கள். பழைய இயந்திரமாக இருந்தால் எஸ்எம்பி1 (கோப்புப் பகிர்வு நெறிமுறையின் பழைய பதிப்பு) மட்டும் பேசும். 2022-இல் அது இயல்பாக நிறுவப்பட்டிருக்காது. பெயரைச் சரியாக வைத்திருந்தாலும் ஸ்கேன் போய்ச் சேராது.

ஒற்றை நிர்வாகி:

முடித்துவிட்டேன். பெரியவர் சொன்னபடி சனி இரவு தரவும் பழைய பெயரும் மட்டும் புதுப் பெட்டிக்கு வந்தன. குழுவைப் பற்றிய ஊகம் சரி. நான்தான் என் கணக்கை அதில் போட்டுவிட்டு மறந்திருக்கிறேன்.

திங்கள் காலை வந்த ஒரே புகார் ஸ்கேன். "மார்ச் மாதக் கணக்கு" அக்கா சொன்ன எஸ்எம்பி1-தான். நல்லவேளையாக இயந்திரத்துக்குப் புது ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) இருந்தது, மதியத்துக்குள் சரியானது. பெயரையும் மாற்றியிருந்தால் அன்று முழுவதும் டிஎன்எஸ்ஸைத் தோண்டிக்கொண்டிருந்திருப்பேன். டிஎஃப்எஸ்ஸை ஏப்ரலுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.

முதலாளி வந்து "பெயர் இன்னும் மாறவில்லையே?" என்றார். குரூப் பாலிசியில் (எல்லாக் கணினிகளின் அமைப்பையும் ஓரிடத்திலிருந்து மாற்றும் வசதி), சர்வரைக் காட்டும் ஜி டிரைவின் லேபிளை "அலுவலகக் கோப்புகள்" என்று மாற்றிக் காட்டினேன். "இதைத்தானே கேட்டேன், இதற்கா இத்தனை நாள்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.