வியட்நாம் மகளிர் சங்கத்துப் பெண்களோடு உங்கள் அனுபவம்?

ஹனோய்வாசி
வீட்டுக்காரர் வேலைக்காக மூன்று வருஷம் ஹனோயில் இருந்தோம். எதிர்வீட்டு அம்மாதான் எங்கள் சந்தில் மகளிர் சங்கத் தலைவி. சந்தா நோட்டோடு வீடு வீடாக வருவார். அக்டோபர் 20, சங்கம் 1930இல் தொடங்கிய நாள், தெருவெல்லாம் ரோஜாவாக இருக்கும்.

மனசை விட்டுப் போகாதது ஒரு ராத்திரி. பக்கத்து வீட்டு ஆள் மனைவியை அடிக்கிற சத்தம். நான் ஜன்னல் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா நைட்டியோடு வந்தார், கையில் டீக்கடைக் குட்டி நீலப் பிளாஸ்டிக் முக்காலி. அவர்கள் கதவைத் தள்ளித் திறந்து, முக்காலியை நிலைப்படிக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, விசிறிக்கொண்டே இருந்தார். சத்தம் அடங்கிவிட்டது. ராத்திரி ஒரு மணி வரை எழவில்லை. மறுநாள் என்னிடம், "நீயும் ஒரு முக்காலி எடுத்துக்கொண்டு வந்திருக்கலாமே" என்றார். இன்னும் குத்துகிறது.

திருப்பூர்க்காரன்
சகோதரி, அன்றைக்குச் சத்தம் அடங்கியது சரி, அடுத்த வாரம்? சைகோனில் ஒரு தையல்கூடத்தில் கண் வீங்கிய பெண்ணைப் பார்த்தேன். "விழுந்துவிட்டேன்" என்றார். நான் ஷிப்மென்ட் பேச்சைத் தொடர்ந்தேன். அதனால்தான் சொல்கிறேன், அங்கே இருக்கும் நம்மவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2007லேயே வந்தது, 2022இல் புதிதாக எழுதி 2023 ஜூலையில் அமலானது. இதே சங்கம் ஹனோயில் 2007 முதல் அடிபடும் பெண்களுக்காக 'அமைதி இல்லம்' நடத்துகிறது. பிள்ளைகளோடு தங்கலாம், காசு கிடையாது, சட்ட ஆலோசனையும் உண்டு. அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். காயத்துக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்கிவைக்கச் சொல்லுங்கள். அடிபடும் பெண் கிளம்ப மறுத்தால் திட்டாதீர்கள், மறுபடி போய்ப் பேசுங்கள்.

மீகாங்கரை
சட்டம், இல்லம் எல்லாம் சரி சார். பஸ்ஸுக்குக் கையில் காசு வேண்டாமா? தெற்கே கான் தோ பக்கம் சங்கம் நம்மூர் சுயஉதவிக் குழு மாதிரி சேமிப்புக் குழு வைத்திருக்கிறது. அதன் வழியாக, ஏழைகளுக்குக் கடன் தரும் அரசு வங்கியான சமூகக் கொள்கை வங்கியின் கடன், அடமானம் கிடையாது. மாதம் ஒரு நாள் வங்கிக்காரர்களே ஊர் அலுவலகத்துக்கு வருவார்கள். நான் பார்த்த அன்று ஒரு பெண்ணுக்குப் பன்றி வாங்கக் கடன். புருஷன் பேனாவுக்குக் கை நீட்டினார். குழுத் தலைவி அவரைத் தாண்டி அந்தப் பெண்ணின் விரலுக்குள் பேனாவைச் செருகினார். எழுத்துக் கூட்டிக் கூட்டி அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை பின்னால் வரிசையில் ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை.