ஆட்டோ ஸ்டாண்டில் பிரஷர் பார்க்க உதவி வேண்டும்

வணக்கம் மக்களே. நம்ம பஸ் ஸ்டாண்ட் வாசல் ஆட்டோ ஸ்டாண்டில் மாதம் ஒரு ஞாயிறு காலை பிரஷரும் சுகரும் பார்க்க ஏற்பாடு செய்யலாம் என்று நாலைந்து பேர் பேசி முடிவு செய்திருக்கிறோம்.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரையும் தருகிறார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் அவர்கள் வரும் நேரத்தில் நம்ம ஆட்கள் சவாரியில் இருப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றால், “ஒரு நாள் பொழப்பு போயிடும்ணே, எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்” என்பார்கள். 140/90ஐத் தாண்டினாலும் பிரஷர் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

மேல்கையில் பட்டை கட்டிப் பார்க்கும் டிஜிட்டல் மெஷின் யார் வீட்டிலாவது சும்மா இருந்தால் கொடுங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், அளவு மாறிமாறிக் காட்டும். ஓய்வுபெற்ற நர்ஸ் யாராவது இரண்டு மணி நேரம் வந்தால் பெரிய உபகாரம். சுகருக்கு விரலில் குத்துவதால் அதை அவர்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் ஒரு சிக்கல். டீயோ பீடியோ குடித்தால் அரை மணி நேரமாவது கழித்துத்தான் பிரஷர் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவும் வேண்டும். ஸ்டாண்டே டீக்கடையை ஒட்டித்தான் இருக்கிறது! இப்படி முகாம் நடத்திய அனுபவம் உள்ளவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? அளவு கூடுதலாக வந்தவரை மறுபடி ஆரம்ப சுகாதார நிலையம் வரை போக வைத்தது எப்படி என்பதையும் எழுதுங்கள். அதுதான் எங்களுக்குப் பெரிய கவலை.