டைமிங்கைக் கேளுங்க

வீல்சேர் ரேஸிங்ல டி53 பிரிவு நான். உடம்புல எந்தத் தசை வேலை செய்யும்னு பார்த்துப் பிரிக்கிற பிரிவு அது. பாராட்ட வர்றவங்க நல்ல மனசோடதான் வர்றாங்க. ஆனா ஜெயிச்சாலும் "இந்த நிலைமையிலும் என்ன தைரியம்!", கடைசியா வந்தாலும் அதே வார்த்தை. ஏன் பின்தங்கினேன்னு யாராவது கேட்டாத்தானே நான் விளையாட்டு வீரன்?

எங்க கோச் கேட்டார். "ரெண்டாவது தள்ளுல கையைச் சீக்கிரம் எடுத்துடறே, ஏன்?" ரேஸிங் சேர்ல சக்கரத்தோட ஒட்டியிருக்கிற தள்ளு வளையத்தை, அதாவது ரிம்மைப் பிடிச்சு உருட்ட மாட்டோம், கெட்டியான கிளவுஸ் போட்ட கையால மேலேர்ந்து குத்தி, கீழ் வரைக்கும் அழுத்தித் தள்ளுவோம். கை படற இடமும் விடற இடமும்தான் வேகம். அன்னிக்கு அவர் காட்டின கோபத்தை நான் இன்னும் பெருமையா நினைக்கிறேன். என் உடம்பைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, முழுக்க என் ஓட்டத்தைப் பத்தித்தான்.

பிரிவு ஒதுக்கற பரிசோதனையைப் பத்தியும் சொல்லணும். ஒவ்வொரு தசையா அழுத்திப் பார்த்து, எது வேலை செய்யலைன்னு எழுதிக்குவாங்க. பல பேருக்கு அது மனசைக் குத்தும். எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அடுத்த பிரிவான டி54காரங்களுக்கு வயிறு, முதுகுத் தசை உதவும், எனக்கு உதவாது. இப்போ பக்கத்து லேன்ல நிக்கிறவருக்கும் ஏறக்குறைய என் நிலைதான். தோத்தா பயிற்சி போதலை, அவ்வளவுதான்.

—

அண்ணா, நீங்க சொன்னதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. நானும் ரேஸிங்தான். தோள்ல காயம்பட்டு டிராக்குக்குப் போகக் கூடாதுன்னுட்டாங்க. கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு மாறவும், வீட்டுக்குள்ள தள்ளிப் போகவும் அதே தோள்தான். ஓட்டமும் போச்சு, அன்றாட வேலைக்கும் இன்னொருத்தர் கை வேண்டியிருந்துச்சு.

அப்போ உளவியலாளர் ஒரு கேள்வித்தாள் கொடுத்தாங்க. 1993-ல புரூவர் குழுவினர் வெளியிட்ட அளவுகோல். 'நான் விளையாட்டு வீரர்' என்கிற எண்ணம் ஒருத்தருக்குள்ள எவ்வளவு ஆழமா இருக்குன்னு பார்க்கிறது. காயத்தால போட்டியிட முடியாமப் போனா மனசு உடைஞ்சிடுமான்னு ஒரு வரி. எனக்கு அழுகையே வந்துடுச்சு. காலைல எழுப்பிப் பயிற்சிக்கு அனுப்பற அதே எண்ணம்தான், ஓய்வெடுக்கச் சொன்னப்போ என்னைப் படுக்கையில தள்ளிச்சு. இப்போ சின்னப் பொண்ணுங்களுக்கு ஸ்டார்ட் சொல்லித் தர்றேன். தோள் இன்னும் முழுசா சரியாகலை, ஆனா டிராக்குக்குப் போறேன்.

—

நான் வீரர் இல்ல. வெள்ளைப் பந்துக்குப் பக்கத்துல தன் பந்துகளைக் கொண்டு போய் நிறுத்தற விளையாட்டு போச்சியா. அதுல பிசி3 பிரிவு, அதாவது கையால வீச முடியாம சரிவுப்பலகையில பந்தை உருட்டி விடறவங்க பிரிவு வீராங்கனை ஒருத்தருக்கு அந்தப் பலகையைப் பிடிக்கிற உதவியாளர். ஒரு போட்டி முடிஞ்சதும் நிருபர் நேரா என்கிட்ட வந்து, "எப்படிக் குறி வெச்சீங்க?"ன்னார். நான் மைதானத்தையே பார்க்கலை. ஆட்டம் நடக்கும்போது உதவியாளர் மைதானத்துக்கு முதுகு காட்டித்தான் இருக்கணும், விதியே அதுதான். பலகையை எந்தப் பக்கம் திருப்பணும், பந்தை எவ்வளவு உயரத்துல வைக்கணும், எல்லாம் அவங்க சொல்லித்தான். அவங்களையே கேளுங்கன்னேன்.

மைக் அவங்க பக்கம் போச்சு. வார்த்தை நிதானமாத்தான் வரும் அவங்களுக்கு. "வெள்ளைப் பந்தை எதிராளி பந்து மறைச்சு நின்னுச்சு. அதைத் தள்ளிவிட வேகம் வேணும், அதனால உயரத்தை ஏத்தினேன். அடுத்த பந்துக்கு இறக்கினேன்."