அம்மா ஏறினால் நின்றுபோகும் பாட்டு

திருச்சி

எங்கள் கார் 2014 மாடல். கம்பெனி வைத்துக்கொடுத்த மியூசிக் செட்தான், இதுவரை யாரும் கை வைத்ததில்லை. போன ஐப்பசி மழையில் ஆரம்பித்தது தொல்லை. நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும், திடீரென்று நான்கு ஸ்பீக்கரும் ஒன்றாக அடங்கிவிடும். டிஸ்பிளேயில் விநாடி ஓடும், வால்யூமைத் திருகினால் எண் ஏறும், சத்தம் மட்டும் வராது. சில நாள் ஐந்து நிமிடத்தில் தானாக வரும். சில நாள் வீடு திரும்பும்வரை வராது.

நான்கும் ஒரே நேரத்தில் போகிறதே, அப்படியானால் செட்டில்தான் கோளாறு என்று நானே முடிவு கட்டிவிட்டேன். வண்டியை விட்ட சர்வீஸ் சென்டரிலும் செட்டை மாற்றத்தான் சொன்னார்கள், இருபதாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். ஆனால் அங்கே நின்ற இரண்டு நாளும் பாட்டு ஒருமுறைகூட நிற்கவில்லையாம். நிற்காத பாட்டுக்கு எப்படி அவ்வளவு பணம் கொடுப்பது? வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

இதற்கிடையில் அம்மா ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தார். "நான் ஏறினாலே பாட்டு நின்னுடுதுப்பா." சமயபுரம் போகும்போதெல்லாம் சொல்வார், அதுவும் வருத்தமாகச் சொல்வார். "அப்படியெல்லாம் இல்லம்மா" என்று சமாதானம் சொல்வதோடு சரி. நான்கு மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. தனியாக வேலைக்குப் போகும்போது ஒருநாளும் பாட்டு நின்றதில்லை. அம்மா ஏறினால் என்ன நடக்கிறது? முன்பக்க இடது கதவு திறந்து மூடுகிறது. தனியாகப் போகும் நாட்களில் அந்தக் கதவை நான் தொடுவதே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டை ஓடவிட்டு, இடது கதவை மெதுவாகத் திறந்தேன். பாதி திறப்பதற்குள் நான்கும் அடங்கின. ஃபேடரை முழுக்கப் பின்பக்கம் தள்ளி, முன் ஸ்பீக்கருக்குப் பாட்டே போகாதபடி வைத்தும் பார்த்தேன். அப்போதும் அடங்கியது. அங்கேதான் குழம்பிப்போனேன்.

சில செட்டுகள் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் கோட் எண் கேட்கும். அதனால் வண்டியோடு வந்த புத்தகத்தில் அந்த எண்ணை முதலில் தேடி எடுத்து வைத்துக்கொண்டேன். அப்புறம் பேட்டரி மைனஸைக் கழற்றி, செட்டை வெளியே இழுத்து, பின்னால் வயர்கள் வந்து சேரும் கப்ளரைப் பிடுங்கினேன். இடது முன் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயருக்கும் நடுவே மல்டிமீட்டரில் 3.6 ஓம் காட்டியது. 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் மீட்டர் அதைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும், ஆக ஸ்பீக்கர் நன்றாகவே இருந்தது. அடுத்து மீட்டரின் ஒரு முனையை அந்த வயரிலும் இன்னொன்றை வண்டியின் பாடியிலும் வைத்தேன். அங்கே எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. கதவு மூடியிருந்தவரை மீட்டர் சும்மா இருந்தது. மகளைத் திறக்கச் சொன்னேன். பாதியில் பீப் அடித்தது. மூடினாள், நின்றது. மறுபடி திறந்து மூடினாள், இந்தத் தடவை கதவு மூடிய பிறகும் நிற்கவில்லை. சில நாள் ஐந்து நிமிடம், சில நாள் வீடு வரும்வரை என்ற கணக்கு அப்போது புரிந்தது.

கதவுக்கும் பாடிக்கும் நடுவில் மடிந்து மடிந்து விரியும் ரப்பர் குழாய் இருக்கிறதல்லவா, அதை விலக்கிப் பார்த்தேன். வயர்களின் மேல்தோல் காய்ந்த வாழைநார் மாதிரி வெடித்திருந்தது. ஸ்பீக்கர் வயர் ஒன்றிலும், அதை ஒட்டி ஓடும் பவர் விண்டோவின் எர்த் வயரிலும் (வண்டியின் பாடியோடு சேரும் வயர்) செம்பு வெளியே தெரிந்தது, அதில் பச்சை பூத்திருந்தது. கதவு அசையும்போது இரண்டும் உரசியிருக்கின்றன. அடிபட்ட நீளத்துக்குப் புது வயர் போட்டு, ஸ்லீவ் ஏற்றி, துணி டேப் சுற்றினேன். முந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

கோயம்புத்தூர், ஆட்டோ எலக்ட்ரீஷியன்

தம்பி, நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். ஃபேடரைத் தள்ளியும் ஏன் அடங்கியது என்று குழம்பினீர்கள், சொல்கிறேன். பழைய காலத்து ரேடியோவில் ஸ்பீக்கரின் மைனஸ் வயர் எர்த்தில் இருக்கும். இப்போது வரும் செட்டுகள் பெரும்பாலும் அப்படி இல்லை. உள்ளே சத்தத்தைப் பெருக்கும் ஐசி சிப் ஒன்று இருக்கும், அது ஸ்பீக்கரின் இரண்டு வயரையும் பிடித்துக்கொண்டு மாறி மாறித் தள்ளி இழுக்கும். செட் ஆனில் இருந்தால் பாட்டு ஓடாதபோதுகூட ஒவ்வொரு வயரிலும் பேட்டரி வோல்ட்டில் பாதி, ஏறக்குறைய 6 வோல்ட், நிற்கும். ஃபேடர் பாட்டைத்தான் குறைக்கும், இந்த 6 வோல்ட்டை எடுக்காது. அந்த வயர் எர்த்தில் பட்டால் ஐசி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அடங்கிவிடும். பெரும்பாலும் நான்கு ஸ்பீக்கருக்கும் ஐசி ஒன்றுதான், அதனால் நான்கும் சேர்ந்து போகின்றன. உங்கள் செட் செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறது. இது தெரியாமல் நல்ல செட்டைக் கழற்றிப் போட்டவர்கள் எத்தனையோ பேர், பார்க்கும்போது வயிறு எரியும்.

ஒரே ஒரு ஸ்பீக்கர் மட்டும் விட்டு விட்டு வந்தால் அது வேறு விஷயம். அங்கே வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கும், அல்லது கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீரில் ஸ்பீக்கரே கெட்டிருக்கும். கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் செல் ஒன்று போதும். கப்ளரைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு வயரில் செல்லைத் தொட்டுத் தொட்டு எடுங்கள். ஸ்பீக்கரில் 'டப் டப்' என்று கேட்டால் பாதை சரி. கதவை ஆட்டிக்கொண்டே தொடுங்கள், கேட்பதும் கேட்காததுமாக இருந்தால் அறுந்த இடம் ரப்பருக்குள் இருக்கிறது.

இன்னொன்று, ஜாயின்ட்டை எங்கே போட்டீர்கள்? ரப்பருக்குள் ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்த இடம் விறைத்துக்கொள்ளும், மடங்காது. கதவு திறந்து மூட, ஈயம் முடியும் இடத்தில் மறுபடி ஒடியும். ஒரு ஜாயின்ட் வண்டிக்குள்ளும் இன்னொன்று கதவுக்குள்ளும் இருக்க வேண்டும், ரப்பருக்குள் முழு வயர் மட்டும்தான் ஓட வேண்டும்.

நாகர்கோவில்

எங்களுக்கு எலி. மழைக்காலத்தில் பத்து நாள் வண்டியை எடுக்கவில்லை, பின் இருக்கைக்கு அடியில் போகும் வயரைக் கடித்து வைத்திருந்தது. பள்ளம் மேட்டில் மட்டும் பின் ஸ்பீக்கர் இரண்டும் விட்டு விட்டுப் பாடும். தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது எலிப்புழுக்கை கிடந்தது, அதைப் பின்தொடர்ந்து போனேன்.

சென்னை

என் வண்டியில் வயர் காரணமே இல்லை. சோழிங்கநல்லூர் ஆபீசில் வெயிலில்தான் நிறுத்த முடியும். சாயங்காலம் கிளப்பினால் சத்தம் வராது. ஏசி ஓடி இருபது நிமிடம் ஆனதும், எங்கேயோ சிக்னலில் நிற்கும்போது, பாட்டு வந்துவிடும். காலையில் ஒரு பிரச்சினையும் கிடையாது. அதனால் சூட்டைச் சந்தேகப்பட்டேன். ஒருநாள் காலையில் தலைமுடி காயவைக்கும் டிரையரை வைத்து, தள்ளிப் பிடித்து மெதுவாக, செட் முகப்பைச் சூடாக்கினேன். ஏழெட்டு நிமிடத்தில் சத்தம் போனது.

ரிச்சி தெருவில் போர்டு வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் கழற்றிக் கொண்டுபோனேன். லென்ஸ் வழியாக எனக்கும் காட்டினார். ஐசியின் கால் ஒன்றைச் சுற்றி ஈயத்தில் மெல்லிய வட்டமாக ஒரு விரிசல், தலைமுடி கனம்தான் இருக்கும். சூட்டில் விரியும்போது விட்டுவிடுகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது என்றார். அரை மணி நேரத்தில் புது ஈயம் வைத்துக் கொடுத்தார். இரண்டு கோடை தாண்டிவிட்டது, ஒருநாளும் நிற்கவில்லை.

யாழ்ப்பாணம்

எங்களுடையது ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்த வாகனம். அந்தப் பழைய செட்டுகள் 76 தொடக்கம் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். இங்கே எஃப்எம் 88 இலிருந்து 108 வரை. அதனால் ஏரியல் வயருக்கும் செட்டுக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி, பேண்ட் எக்ஸ்பாண்டர், பூட்டியிருப்பார்கள். சாவகச்சேரிப் பக்கம் போகும்போது குழியில் சில்லு (சக்கரம்) விழுந்தால் ரேடியோ மட்டும் இரைச்சலாகும், சிடி நன்றாகப் பாடும். ஸ்பீக்கரைத் தேடி வீணாக இரண்டு கதவைக் கழற்றினேன். சிடி பாடுகிறது என்றால் ஸ்பீக்கரில் பிழை இல்லை என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். கடைசியில் அந்தப் பெட்டிக்குக் கரண்ட் போகும் வயரை வெறுமனே முறுக்கி டேப் ஒட்டியிருந்தது தெரிந்தது.

மதுரை

அண்ணா, எனக்கு ஸ்டீயரிங்கை முழுசாக வளைத்தால் வால்யூம் தானாகக் குறைகிறது. ஹாரனும் சில நேரம் அடிப்பதில்லை. இதுவும் செட்டா?

கோயம்புத்தூர், ஆட்டோ எலக்ட்ரீஷியன்

இல்லை தம்பி. ஸ்டீயரிங் பட்டனுக்கும் ஹாரனுக்கும் வயர் ஒரு சுருள் நாடா வழியாகத்தான் போகிறது. அது நைந்திருக்கும். ஏர்பேக் வயரும் அதே வழிதான், அதனால் நீங்கள் திறக்க வேண்டாம். டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்தால் நாளைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். விபத்தில் பை விரியாமல் போகலாம்.

திருச்சி

அண்ணா, நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் போய்த் திறந்தேன். கதவுப் பக்க ஜாயின்ட் சரியாக இருந்தது, மற்றொன்று ரப்பரின் வாயிலேயே இருந்தது. பிரித்து, இன்னும் ஒரு சாண் நீளம் கூடுதலாக விட்டு, வண்டிக்குள்ளே கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன்.

நேற்று சமயபுரம் போனோம். அம்மா ஏறி உட்கார்ந்தார், கதவைச் சாத்தினார், பாட்டு ஓடியது. கொஞ்ச நேரம் செட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கதவை மறுபடி திறந்து, ஓங்கிச் சாத்தினார். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. "இப்ப போலாம்ப்பா" என்றார்.