திருகோணமலையில் வீடற்றோருக்கான அமைப்பு: பதிவு, யாப்பு, நிருவாக சபை

கடற்கரைவீதி:
பஸ் நிலையத்திலும் மீன் சந்தைப் பக்கத்திலும் படுப்பவர்களுக்கு இரவுச் சாப்பாடு கொடுக்கும் குழு எங்களுடையது. ஒன்பது பேர் இருக்கிறோம். வெளிநாட்டில் இருந்து உதவ நினைப்பவர்கள் அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்குக் கேட்கிறார்கள். எங்கே பதிய வேண்டும்? ஒன்பது பேரும் நிருவாக சபையில் இருக்கலாமா? வீடொன்றை வாடகைக்கு எடுத்து இரவுத் தங்குமிடம் தொடங்கவும் யோசனை.

மணிக்கூட்டுச்சந்தி:
தம்பி, திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகப் பிரிவுக்குள் மட்டும் வேலை என்றால் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரை முதலில் பாருங்கள். மூதூர், கிண்ணியா என்று பரவப்போவதென்றால், வெளிநாட்டுக் காசும் வருவதால், தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதியும் 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவதைப் பற்றி அங்கேயே விசாரியுங்கள். 2007 கம்பனிச் சட்டத்தின்படி உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவும் (பங்குகள் இல்லாமல், அங்கத்தவர்கள் ஒரு தொகைக்கு மட்டும் பொறுப்பேற்பது) பதியலாம். ஆனால் வருடாந்த அறிக்கை, கணக்காய்வு என்று செலவு கூட. இப்போதைக்கு அது தேவையில்லை.

ஒன்பது பேருமே சபை என்றால் உங்களைக் கேள்வி கேட்க ஆளில்லை. பொதுக்கூட்டம் வைத்தாலும் அதே ஒன்பது முகம்தான். சபைக்கு ஏழு பேர், நிறைவெண் (கூட்டம் செல்லக் குறைந்தது வர வேண்டியவர்கள்) நான்கு, வெளியே ஒரு இருபது அங்கத்தவர்களாவது. யாப்பை, அதாவது அமைப்பின் விதிகளை, வேறு யாருடையதிலும் பார்த்து அப்படியே எழுத வேண்டாம். பதவிக்காலமும் ஆளை நீக்கும் முறையும் கட்டாயம். கலைத்தால் சொத்து யாருக்கு என்பதைத்தான் பலர் எழுதாமல் விடுகிறார்கள். பிறகு பிளவு வரும்போது வான் வண்டிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் அடிபாடு. மிஞ்சுவது இதே நோக்கமுள்ள இன்னொரு அமைப்புக்கு என்று எழுதிவிடுங்கள்.

பேரேடு:
காசோலைக்கு மூன்று பேரில் இரண்டு கையெழுத்து. ஒரே வீட்டார் இருவர் அதில் இருக்கக் கூடாது. சில இடங்களில் பொருளாளர் கொழும்புக்குப் போகும்போது வெற்றுக் காசோலைகளில் கையெழுத்து வைத்துவிட்டுப் போவார். அந்தப் பழக்கம் வந்தால் இரண்டு கையெழுத்து வைத்தும் பயனில்லை.

சில்லறைக் காசுக்கு ஒரு நிலையான தொகை, 20,000 ரூபா என்று வையுங்கள். எந்த நேரம் எண்ணினாலும் கையில் உள்ள காசும் பற்றுச்சீட்டுகளும் சேர்ந்து 20,000 வர வேண்டும். சீட்டுகளின் தொகைக்கே திரும்ப நிரப்பலாம். பொருளாக வரும் சாரம், பாய், நுளம்புவலை, அரிசி மூட்டைக்கும் இருப்புப் பதிவேடு வேண்டும். திருட்டுக் கதை கிளம்புவது அநேகமாக அங்கேதான். தங்குமிடத்துக்கென்று தந்த காசைச் சாப்பாட்டுப் பார்சலுக்கு எடுக்காதீர்கள். மோசடி முறைப்பாடு போனால் விசாரணை நடத்தி, இடைக்கால முகாமைத்துவ சபை நியமிக்க, மேலே சொன்ன 1980 சட்டத்தின் 1998 திருத்தம் இடம் தருகிறது.

உப்புவெளிக்காற்று:
தங்குமிடத்துக்கு இப்போது போகாதீர்கள். சாப்பாடு கொடுப்பது ஒரு மணி நேர வேலை. தங்குமிடத்தில் விடிய மூன்று மணிக்கு முடிவெடுக்க வேண்டிவரும். குடித்துவிட்டு வருபவர், வலிப்பு வந்தவர், மருந்தை விட்ட மனநோயாளி. அந்த நேரம் சபையைக் கூட்ட முடியாது. யாரைச் சேர்ப்பது, யாரைத் திருப்புவது, எப்போது 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுப்பது என்று எழுத்தில் இருக்க வேண்டும். இரவில் இருவர் கட்டாயம். பெண்கள் தங்கினால் ஒருவர் பெண். ஐப்பசி மாரியில்தான் கூட்டம் அள்ளும், சோதித்துப் பார்க்கச் சித்திரையில் தொடங்குவதே நல்லது.

சம்பள முகாமையாளர் வைத்தால் அவர் கூட்டத்தில் பேசலாம், வாக்களிக்கக் கூடாது. மாதாமாதம் எத்தனை பேர் தங்கினார்கள், எத்தனை பேரைத் திருப்பினீர்கள், ஏன் என்று சபைக்கு எழுதித் தர வேண்டும். திருப்பிய கணக்கைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அதுவரை அடையாள அட்டை எடுத்துக் கொடுங்கள். முகவரி இல்லாததால் கிராம அலுவலர் கையெழுத்து வைக்கத் தயங்குவார். ஆளைத் தெரியும் என்று அமைப்பின் கடிதத்தோடு போனால் பேசிப் பார்க்கலாம். பிறப்புப் பதிவே கிடைக்காவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ் இருக்கிறது.

கடற்கரைவீதி:
நன்றி. வங்கிக்கு என்ன கொண்டுபோக வேண்டும்?

பேரேடு:
பதிவுச் சான்றிதழ், யாப்பு, கையெழுத்திடுவோரின் பெயர் குறித்த கூட்டத் தீர்மானம், அவர்களின் அடையாள அட்டைகள். ஆள் மாறினால் புதுத் தீர்மானத்தை உடனே கொடுங்கள். விலகியவரின் கையெழுத்து கணக்கில் கிடக்க விடாதீர்கள்.