புதுப்பிப்பு: சேற்று வயல் நடை போய் வந்தாச்சு

இங்கிலாந்தின் சில்டர்ன் குன்றுகளில் குழுவாக நடக்கும்போது, பாதை உழுத வயலின் நடுவே போனால் ஓரமாகச் சுற்றலாமா என்று கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி நேராகவே போனோம். இங்கிலாந்துச் சட்டப்படி, வயலைக் குறுக்கே கடக்கும் பொது நடைபாதையை விதைப்புக்காக உழலாம். ஆனால் 14 நாட்களுக்குள் குறைந்தது 1 மீட்டர் அகலத்துக்குச் சீராக்கித் தரவேண்டும். வயல் ஓரப் பாதையை உழவே கூடாது. நாங்கள் போன வயலில் டிராக்டர் ஓட்டித் தடம் போட்டிருந்தார்கள். தடம் சரி, சேறுதான் சரியில்லை.

அங்கே மேட்டில் சிக்கிமுக்கிக் கல் கலந்த களிமண். நாலு எட்டு வைப்பதற்குள் பூட்ஸ் அடியில் அடை மாதிரி அப்பிக்கொள்கிறது. உதறினால் போகாது, குச்சியால் சுரண்டவேண்டும். வேலி தாண்டும் மரப்படி வழுக்கியதால் ஒருவர் கையை ஒருவர் பிடித்துத்தான் இறங்கினோம். கெய்ட்டர் (பூட்ஸ் மேல்பக்கத்தையும் கணுக்காலையும் மூடும் உறை) போடச் சொன்னவருக்கு நன்றி, கால்சட்டை தப்பியது. கைத்தடியும் கட்டாயம் வேண்டும், விழுந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

அப்புறம், அடுத்த நடை மே மாதம், மாடு மேயும் வயல் வழியாக. ஒருவர் நாயோடு வருகிறார். கன்றுகளோடு பசுக்கள் நின்றால் எப்படிக் கடப்பீர்கள்?